கீழ்த்தளத்து மஞ்சள் விளக்கு

கம்பி அக்காவின் கடைக்கு வருகிறவர்கள் பொதுவாக எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். இணையப் பெட்டி, பிரிண்டர், கேமரா, அல்லது இவை மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் ஒரு பை. அந்தப் புதன்கிழமை மத்தியானம் வந்த பெண்ணின் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே இது சாதாரண ரிப்பேர் இல்லை என்று கொழுந்தன் அப்போதே முடிவுகட்டிவிட்டான்.

கொழுந்தன் என்பது அவன் பெயர் அல்ல. அவன் கம்பி அக்காவின் கணவருக்குத் தம்பி. அவள் யாரிடமோ ஒருமுறை "இவர் என் கொழுந்தன்" என்று அறிமுகம் செய்துவைக்க, அன்றிலிருந்து எந்த உறவும் இல்லாத பக்கத்துக் கடைக்காரர்கள்கூட அவனை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காப்பீட்டு ஏஜென்ட் வேலையை விட்டுவிட்டு அண்ணிக்கு ஒத்தாசையாக வந்திருந்தான். எந்த வயர் எங்கே போகிறது என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அறுந்த வயரைப் பார்த்தால் அதை யாரோ வேண்டுமென்றே அறுத்திருக்கிறார்கள் என்று நம்புவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

"உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். "உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"தம்பி, முதல்ல தண்ணி குடு," என்றாள் கம்பி அக்கா.

பெண் தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அப்பா ஒரு தங்கும் விடுதி நடத்துகிறார். கீழ்த்தளம், மாடி என இரண்டே தளங்கள். எல்லா அறைகளுக்கும் அட்டையைக் காட்டினால் திறக்கும் பூட்டுகள். மாடியில் இருப்பவை பழையவை. கீழ்த்தளத்தில் இருப்பவை இந்த வருஷம்தான் பொருத்தியவை. அட்டையைக் காட்டினால் பூட்டு உடனே ஆபீஸ் அறைக் கணினியைக் கேட்கும். கணினி சரி என்றால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். திங்கட்கிழமை காலையிலிருந்து கீழ்த்தளத்துக் கதவு ஒன்றுகூட வெளியிலிருந்து திறக்கவில்லை. மஞ்சள் விளக்குதான் எரிகிறது. மாடியில் எந்தத் தொந்தரவும் இல்லை.

"பூட்டு கெட்டுப்போச்சு," என்றான் கொழுந்தன்.

"எல்லாமே ஒரே நாள்லயா?" என்றாள் கம்பி அக்கா.

"அப்பாவும் அதையேதான் கேக்கறார்க்கா. எல்லாம் ஒண்ணா கெட்டுப்போகாது, அதனால பூட்டு வித்தவரே ஏதோ பண்ணிட்டு, ரிப்பேர்னு சொல்லிப் பணம் பிடுங்கப் பாக்கறார்னு சொல்றார்." பெண் தம்ளரைக் கீழே வைத்தாள். "பூட்டு வித்தவரைத்தான் நான் கட்டிக்கறதா இருக்கு."

கொழுந்தனின் கண்கள் விரிந்தன.

"அவர் பண்ணியிருப்பார்னு நீ நினைக்கறியா?" என்று கேட்டாள் கம்பி அக்கா.

"அவரா? பொய் சொல்லணும்னா முதல்ல வாயைத் திறக்கணும். அவர் அதையே செய்யமாட்டார்க்கா. அப்பா அந்தத் திட்டு திட்டறார், இவர் சுவத்தைப் பாத்துட்டு நிக்கறார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கதவு திறக்கலன்னா கல்யாணமே கிடையாதாம். மண்டபத்தை நேத்தே ரத்து பண்ணச் சொல்லிட்டார். அதுக்கு நானே போன் போடணுமாம்."

கம்பி அக்கா அப்போதுதான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

விடுதி வாசற்படியில் ஓர் இளைஞன் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன்தான் பூட்டுக்காரன். பெண்ணைப் பார்த்ததும் எழுந்தான்.

"உள்ள வரவேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள் கம்பி அக்கா.

"ஆபீஸ் ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னார். நான் வாசலோட நின்னுட்டேன்."

"மஞ்சள் விளக்குன்னா என்ன?"

"கம்ப்யூட்டரோட பேச முடியலன்னு அர்த்தம்."

"ஏன் முடியலன்னு சொல்லுமா?"

"சொல்லாது."

"உங்களை மாதிரிதான்," என்றாள் பெண். பூட்டுக்காரன் லேசாகச் சிரித்தான்.

கீழ்த்தளத்து நடைபாதையில், ஓர் அறைக் கதவுக்கு முன்னால், இடுப்பில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக அகலமான தோள் கொண்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் நீச்சல் பயிற்சியாளர். மற்ற அறைக்காரர்கள் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க நாற்காலி, பெட்டி என்று முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு செருப்பை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். துடைப்பதற்கு வந்த பெண்மணி செருப்பை எடுத்து ஓரமாக, மிகவும் ஒழுங்காக வைத்துவிட்டார்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?" என்றான் கொழுந்தன், விசாரணை அதிகாரியின் குரலில்.

"துண்டு காஞ்சுபோச்சு," என்றார் பயிற்சியாளர்.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "குத்தம் பண்ணாதவன் இவ்வளவு நேரம் பொறுமையா நிப்பானா அண்ணி?"

"கதவு சாத்தியிருந்தா நிப்பான்," என்றாள் அவள். பயிற்சியாளரின் அட்டை அறைக்குள் இருந்தது. ஆகவே பெண் அந்தக் கதவுக்கான மாற்று அட்டையைக் கொண்டுவந்தாள். கம்பி அக்கா அதைப் பூட்டில் காட்டினாள். பூட்டு ஒரு பெருமூச்சு விடும் நேரம் யோசித்தது. பிறகு மஞ்சள். அடுத்து வேறொரு அறையின் அட்டையைக் காட்டினாள். அதே யோசனை, அதே மஞ்சள். கடைசியாகக் கொழுந்தனின் சட்டைப் பையிலிருந்து அவனுடைய பஸ் பாஸை உருவிக் காட்டினாள். அதற்கும் அதே மரியாதை கிடைத்தது.

"தப்பான அட்டைன்னா சிவப்புதானே எரியணும்?" என்று பூட்டுக்காரனைக் கேட்டாள்.

"ஆமா."

"இப்போ இந்தப் பூட்டுக்குப் போற இணைய வயரைக் கழட்டுங்க."

அவன் கழற்றினான். அவள் மறுபடியும் அட்டையைக் காட்டினாள். இந்தத் தடவை பூட்டு யோசிக்கவே இல்லை. தொட்ட மாத்திரத்தில் மஞ்சள்.

கம்பி அக்கா வயரைத் திரும்ப மாட்டச் சொன்னாள். பிறகு, "ஆபீஸுக்குப் போலாம்," என்றாள்.

ஆபீஸ் அறையில் விடுதி முதலாளி மேஜைக்குப் பின்னாலும், அவருடைய தம்பி, அதாவது பெண்ணின் சித்தப்பா, ஜன்னல் திட்டிலும் இருந்தார்கள். மாடி சித்தப்பாவின் பொறுப்பு. கீழ்த்தளம் முதலாளியின் பொறுப்பு. திங்கட்கிழமையிலிருந்து சித்தப்பாவின் முகத்தில் ஒரு தனிக் களை.

"பழைய பூட்டையே வெச்சிருக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார் சித்தப்பா, யாரும் கேட்காமலே.

"இதைத் திங்கட்கிழமையிலேருந்து சொல்லிட்டிருக்கே," என்றார் முதலாளி.

"நீங்க பதில் சொல்லலையே அண்ணே."

கொழுந்தன் அர்த்தத்தோடு தலையசைத்தான். சித்தப்பாவை நன்றாகப் பார்ப்பதற்காக இரண்டடி பின்னால் போனவன் சுவரில் மோதிக்கொண்டான். ஆணியில் மாட்டியிருந்த நாட்காட்டி கீழே விழுந்தது. விழுந்தது ஒன்றல்ல. இந்த வருஷத்து நாட்காட்டிக்குப் பின்னால் போன வருஷத்தது, அதற்குப் பின்னால் அதற்கு முந்தையது என்று ஒரு கட்டே சரிந்து அவன் கால்விரலில் விழுந்தது.

"பழசையெல்லாம் எடுக்கறதில்லையா?" என்று கேட்டாள் கம்பி அக்கா, கட்டைத் தூக்கி மேஜையில் வைத்தபடி.

"எதுக்கு எடுக்கணும்? புதுசு மேல இருக்கு, அதைத்தானே பாக்கறோம்? திடீர்னு பழசு ஒண்ணு தேவைப்பட்டா எங்க போறது?" முதலாளிக்குக் கேள்வியே விசித்திரமாகப் பட்டது. அவருக்குப் பின்னால் ஒரு பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. அட்டைப் பூட்டு வருவதற்கு முன்பிருந்த பூட்டுகளின் சாவிகள். அந்தப் பூட்டுகள் இப்போது விடுதியிலேயே இல்லை.

"திங்கட்கிழமை இங்க என்ன மாறுச்சு?"

"ஒண்ணுமே மாறல. வேணும்னா எழுதித் தரேன். இந்தக் கம்ப்யூட்டரை என்னைத் தவிர யாரும் தொடறதில்லை. மாலை வகுப்புக்குப் போய் முறையாக் கத்துக்கிட்டு நானே பாத்துக்கறேன். மாடிக் கதவு திறக்குது. என் போன்ல இருந்து பாத்தா எல்லா அறையும் தெரியுது. அப்போ கோளாறு எங்க இருக்கு? அவன் பூட்டுல இருக்கு." கதவுக்கு வெளியே நின்ற பூட்டுக்காரனை நோக்கி முகவாயை ஆட்டினார்.

"மாறினதை விடுங்க. வழக்கமாப் பண்ற வேலை எதுவும் திங்கட்கிழமை பண்ணீங்களா?"

"வழக்கமான வேலை தினமும்தான் இருக்கு. தூசி தட்டினேன். சான்றிதழ் வந்திருந்தது, அதை வெச்சேன். பில் போட்டேன்."

"சான்றிதழா? அது யாருக்கு?" என்றான் கொழுந்தன்.

முதலாளி மாலை வகுப்பு மாணவராக நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தக் கம்ப்யூட்டருக்கு. நான் இன்ன விடுதியோட கம்ப்யூட்டர்தான்னு பூட்டுக்கிட்ட நிரூபிக்கற சான்றிதழ். கொஞ்ச மாசத்துக்கு ஒருக்கா காலாவதி ஆகும், புதுசு அனுப்புவாங்க. ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை."

கம்பி அக்கா அவருடைய போனை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். சான்றிதழ் புத்தம் புதியது, தேதியிலும் பிழையில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் நடைபாதைக்கு வரீங்களா?"

"துண்டு கட்டினவரையும் கூப்பிடட்டுமா?" என்றான் கொழுந்தன் ஆவலோடு.

"அவர் அங்கதான் இருக்கார்."

எல்லோரும் பயிற்சியாளரின் கதவைச் சுற்றி நின்றார்கள். கொழுந்தனுக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணி, நான் சொல்லிடறேன். ஆதாயம் யாருக்கு? பழைய பூட்டுதான் நல்லதுன்னு யார் ஜெயிச்சா? மாடியில ஒண்ணும் ஆகல, கீழ மட்டும் ஆகுது. மாடி யார் பொறுப்பு?" விரல் சித்தப்பாவை நோக்கி நீண்டது.

"தம்பி, எனக்குப் போன்ல அழைப்பை எடுக்கவே பாதி நாள் ஆகும்," என்றார் சித்தப்பா. "நீங்க என்னை ரொம்ப உசத்திப் பேசறீங்க."

கம்பி அக்கா கொழுந்தனின் விரலை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"அந்தப் பூட்டே விஷயத்தைச் சொல்லிடுச்சு. எந்த அட்டையைக் காட்டினாலும் ஒரே மாதிரிதான் நடந்துக்குது. பஸ் பாஸுக்கும் அதேதான். அப்போ அதுக்கு நம்ம அட்டை மேல சந்தேகமே இல்லை. அட்டை வரைக்கும் அது வரவே இல்லை. அதுக்கு முன்னாடியே, ஆபீஸ் கம்ப்யூட்டர்கிட்டயே நின்னுடுது."

"வயர் அறுந்திருக்கும்," என்றான் கொழுந்தன்.

"வயரைக் கழட்டினா உடனே மஞ்சள். மாட்டியிருந்தா கொஞ்சம் பொறுத்து மஞ்சள். அந்தக் கொஞ்ச நேரம் அது என்ன பண்ணுது? கேட்டுட்டிருக்கு. கம்ப்யூட்டர் என்னமோ சொல்லுது, இது கேக்குது, பாதியில போதும்னு எழுந்துடுது. சொல்ற விஷயம் பொய்யா இருந்தா மாடிப் பூட்டும் ஒத்துக்காது, போனும் ஒத்துக்காது. அதெல்லாம் ஒத்துக்குது. விஷயம் உண்மைதான். இந்தப் பூட்டுக்கு அது ஏதோ ஒரு விதத்துல தாங்கல."

அவள் பயிற்சியாளரின் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க ஒரு வாசல் காவல்காரர்னு வெச்சுக்கங்க. இந்த ஐயா உள்ள போகணும். யாருன்னு கேளுங்க."

பயிற்சியாளர் துண்டை இறுக்கிக்கொண்டு, "யாருங்க நீங்க?" என்றார்.

"இவரோட அண்ணன்," என்றார் முதலாளி, தம்பியைக் காட்டி, எரிச்சலோடு.

"அவர் யாரு?"

"எங்க பெரியப்பாவுக்குப் பிடிச்ச பையன்."

"பெரியப்பாவை எனக்குத் தெரியும், உள்ள போங்க. அவ்வளவுதான்," என்றாள் கம்பி அக்கா. "சான்றிதழும் இப்படித்தான். கம்ப்யூட்டருக்கு ஒரு சான்றிதழ். அதைக் கொடுத்தவங்களுக்கு ஒரு சான்றிதழ். அவங்களுக்கு மேல ஒருத்தர். தெரிஞ்ச ஆள் வர வரைக்கும் ஒரு சங்கிலி. ரெண்டு மூணு கண்ணி இருந்தாப் போதும். ஆனா இந்த ஐயா வாசல்ல நின்னு, போன வருஷம் நான் யாரு, அதுக்கு முந்தி யாரு, அப்போ எனக்கு யார் சாட்சி, ஒன்றுவிட்ட சித்தப்பா, அவரோட மச்சினன், மச்சினனோட சம்பந்தின்னு ஒப்பிச்சா?"

"நான் கதவைச் சாத்திடுவேன்," என்றார் பயிற்சியாளர், மனப்பூர்வமாக.

"மாடிப் பூட்டு சாத்தாது. அது யார் என்ன சொன்னாலும் உக்காந்து கேக்கும். போனுக்கும் காது பெரிசு. கீழ்ப் பூட்டு இவ்வளவுதான் கேப்பேன்னு ஒரு அளவு வெச்சிருக்கு." அவள் முதலாளியைப் பார்த்தாள். "புதுச் சான்றிதழ் வந்தா அதைக் கோப்புல எங்க வெப்பீங்க?"

"மேலதான். முதல்ல இருக்கறதைத்தான் எடுத்துக்கும்னு வகுப்புலயே சொன்னாங்க. சரியாத்தான் வெச்சிருக்கேன்."

"சரியாத்தான் வெச்சிருக்கீங்க. பழசு?"

முதலாளி ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பழசு அதுக்குக் கீழ," என்றாள் பெண் மெதுவாக. "எல்லாமே. அப்பா, எல்லாமேவா?"

"நான் இன்னும் அந்தக் கோப்பைத் திறந்து பாக்கல," என்றாள் கம்பி அக்கா. "அந்த ஆணியைத்தான் பாத்தேன். இவர் எதையும் மாத்தினதில்லை. அது சத்தியமான வார்த்தை. ஒவ்வொரு தடவையும் மேல ஒரு கட்டு சேர்த்திருக்கார், அவ்வளவுதான். திங்கட்கிழமை வெச்ச கட்டுல பூட்டோட அளவைத் தாண்டிடுச்சு. தெரிஞ்சு யாரும் எதுவும் பண்ணல."

ஆபீஸுக்குத் திரும்பிப் போய்க் கோப்பைத் திறந்தார்கள். பூட்டுக்காரனும் இந்தத் தடவை உள்ளே வந்தான். அவனைத் தடுக்க வேண்டும் என்பது முதலாளிக்கு மறந்துபோயிருந்தது. கம்பி அக்கா கோப்பைக் கீழ்நோக்கி உருட்டினாள். அது போய்க்கொண்டே இருந்தது. நடுவில் சித்தப்பா ஒருமுறை கொட்டாவி விட்டார்.

முதலாளி சீக்கிரமே சமாளித்துக்கொண்டார். "சரி. அப்போ சுலபம். டேய், அந்த அளவைக் கொஞ்சம் கூட்டிவிடு."

பூட்டுக்காரன் சுவரைப் பார்த்தான். பிறகு, அதிசயமாக, முதலாளியைப் பார்த்தான்.

"மாட்டேன் சார்."

பெண் சட்டென்று நிமிர்ந்தாள்.

"உன்னால முடியாதா?"

"முடியும். ஒரு நம்பரை மாத்தினாப் போதும். ஆனா பூட்டுக்குள்ள இருக்கற இடம் கொஞ்சம். அளவைக் கூட்டிட்டே போனா, நாளைக்கு எவனாவது நான்தான் ஆபீஸ் கம்ப்யூட்டர்னு சொல்லிட்டு முடிவே இல்லாம எதையாவது கொட்டுவான். பூட்டு கேட்டுக் கேட்டே மயங்கி விழும். அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. உள்ள ஆள் தங்கற இடம் சார் இது. அளவு இருக்கணும்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. சித்தப்பா திட்டிலிருந்து இறங்கி நின்றார்.

"கல்யாணமே நிக்கப்போகுது. இப்பவும் மாட்டேங்கறியா?" என்றார் முதலாளி.

"நின்னாலும் மாட்டேன் சார்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி பெண்ணைப் பார்த்தாள். பெண்தான் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணப் போறே?" என்றார் முதலாளி பதறி.

"முதல் கட்டை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுக்கப் போறேன்."

"ஏதாவது ஒண்ணு வேணும்னு ஆயிடுச்சுன்னா?"

"காலாவதி ஆனதை யாருப்பா கேப்பாங்க? உங்க மனசுக்காக ஒரு நகல் எடுத்து வேற இடத்துல வெச்சுடறேன். தினம் ராத்திரி திறந்து பாத்துக்கங்க."

அவள் விசைப்பலகையைத் தட்டினாள். பூட்டுகளுக்குப் பதில் சொல்லும் கணினிச் சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கவைத்தாள் கம்பி அக்கா. எல்லா அறைகளின் மாற்று அட்டைகளோடும் கொழுந்தன் நடைபாதைக்கு ஓடினான். சிறிது நேரத்தில் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து பயிற்சியாளரின் குரல்: "பச்சை." அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். கொழுந்தன் ஒவ்வொரு கதவிலும் அதனதன் அட்டையைக் காட்டிப் பார்த்துக்கொண்டே போவது கேட்டது. வரிசையாகப் பச்சை, பச்சை என்று கத்தினான். ஓர் இடத்தில் மட்டும் "சிவப்பு" என்றான். அது பஸ் பாஸுக்கு.

முதலாளி தன் மேஜையின் இந்தப் பக்கம், விருந்தாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார். பிறகு மகளிடம் சொன்னார்.

"மண்டபத்துக்கு மறுபடியும் போன் போடு. ரத்து பண்ணது வேண்டாம்னு சொல்லு. வேற யாருக்காவது குடுத்திருக்கப் போறாங்க."

"குடுத்திருக்க மாட்டாங்க."

"எப்படிச் சொல்றே?"

"நான் ரத்தே பண்ணலையே."

"நேத்தே பண்ணுன்னு சொன்னேன். நீயும் சரின்னு தலையாட்டினே."

"தலைதானேப்பா ஆட்டினேன்."

"கதவு திறந்திருக்கலன்னா?"

"அப்பவும் பண்ணியிருக்க மாட்டேன். மீதிப் பணத்தையும் காலைலயே கட்டிட்டேன். அப்புறம்தான் அக்கா கடைக்கே போனேன்."

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. முதலாளி, மூன்று நாளில் முதன்முறையாக, பூட்டுக்காரனிடம் திட்டாமல் பேசினார்.

"பாத்துக்கிட்டியா? என்கிட்டயே இப்படி. நாளைக்கு உன்கிட்ட எப்படின்னு நல்லா யோசிச்சுக்க. இன்னும் நேரம் இருக்கு."

பூட்டுக்காரன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"யோசிச்சாச்சு, மாமா," என்றான்.